மழலையின் அடுத்த அடி

நுழையும்முன்

குழந்தை கவிழ்ந்து, தவழ்ந்து, நின்று, நடந்து, பேசி வளர்வதைக் கண்டு மகிழாத வீடு இல்லை. ஆனால், எல்லாக் குழந்தைகளும் ஒரே விரைவில் வளர்வதில்லை. சில குழந்தைகளுக்குச் சிறப்பு உதவி தேவைப்படுகிறது. அவ்வுதவி பயன்தர வேண்டுமானால், குழந்தை இன்று எந்நிலையில் உள்ளது என்பதை முதலில் அறிய வேண்டும். அவ்வாறு அறியும் முறைகளையும் அவற்றின் உண்மை நோக்கத்தையும் விளக்குகிறது இப்பாடம்.

விடியலில் மலையேறும் ஊர்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தேனி மாவட்டத்தில் அமைந்துள்ள நகரம் போடிநாயக்கனூர். ஏலக்காய் வணிகத்தால் புகழ்பெற்ற இந்நகரில் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏல மையம் இயங்கி வருகிறது. மலைக்கு மேலே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் ஏலத்தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டதால் நாடறிந்த பொட்டிபுரம் முதலான அடிவார ஊர்களிலிருந்து தொழிலாளர் பலர், பொழுது புலரும் வேளையில் ஜீப்புகளில் புறப்பட்டு மலையேறுகின்றனர். மாலையில் இறங்கி வருகின்றனர். களையெடுத்தலும் காய்பறித்தலும் பெரிதும் பெண்களின் உழைப்பால் நடைபெறுவன. வேறு சிலர் காய்பறிக்கும் பருவத்தில் குடும்பத்தோடு தோட்டக் குடியிருப்புகளிலேயே தங்கிவிடுகின்றனர்.

இத்தகைய வீடுகளில் குழந்தை பகற்பொழுதைப் பாட்டியிடமோ மூத்த பிள்ளைகளிடமோ அங்கன்வாடியிலோ கழிக்கிறது. தாய் திரும்பும்போது அது உறங்கத் தொடங்கியிருக்கும். எனவே, “பத்து மாதமாகியும் பிள்ளை உட்காரவில்லையே”, “இரண்டு வயதாகியும் ‘அம்மா’ என்று அழைக்கவில்லையே” என்னும் ஐயம் எழுவதற்கே காலமாகிறது. எழுந்த பின்னரும், “போகப் போகச் சரியாகிவிடும், இவன் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்” என்னும் ஆறுதல் மொழி அவ்வையத்தை அமர்த்திவிடுகிறது. மருத்துவமனைக்குச் சென்றால் ஒருநாள் கூலி போகும் என்னும் கவலையும் உடன் சேர்கிறது. இவ்வாறு கழியும் மாதங்கள் சில குழந்தைகளுக்கு ஈடுசெய்ய இயலாத இழப்பாக முடிகின்றன.

மனித மூளை மிக விரைவாக வளரும் காலம் பிறப்பிற்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளாகும். நரம்புச் செல்களுக்கிடையே புதிய இணைப்புகள் பெருமளவில் உருவாவதும், பயன்படும் இணைப்புகள் வலுப்பெறுவதும், பயன்படாதவை நீங்குவதும் அக்காலத்திலேயே மிகுதியாக நிகழ்கின்றன. ஆதலால், வளர்ச்சியில் தாமதமுள்ள குழந்தைக்கு அப்பருவத்தில் அளிக்கும் பயிற்சி, பின்னர் அளிக்கும் பயிற்சியைக் காட்டிலும் மிகுந்த பயன் தருகிறது. இதனையே ஆரம்பநிலை இடையீடு என்பர்.

வளர்ச்சிக்கு ஒரு வரிசை

குழந்தையின் வளர்ச்சியை உற்றுநோக்குதல் தமிழர்க்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடுகிறது. மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரையுள்ள ஒற்றைப்படைத் திங்கள்களைப் பாட்டியல் நூல்கள் அதற்கு உரியனவாகக் கூறுகின்றன. ஐந்தாம் திங்களில் தலைநிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் திங்களில் கைகொட்டும் சப்பாணி, பதின்மூன்றாம் திங்களில் தளர்நடையிட்டு வரும் வருகை என அவ்வரிசை அமைகிறது. கழுத்து நிலைபெறுதல், கைகள் இணைந்து செயல்படுதல், நடத்தல் என்று இன்றைய மருத்துவம் கூறும் வரிசையோடு இது பெரிதும் ஒத்திருத்தல் வியப்பிற்குரியது.

இலக்கியம் ஒவ்வொரு பருவத்திற்கும் ஒரு திங்களைக் குறித்தது. அறிவியலோ ஒரு கால எல்லையைக் குறிக்கிறது. புதுதில்லி உள்ளிட்ட ஐந்து நகர்களை மையமாகக் கொண்டு உலக நலவாழ்வு நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2006ஆம் ஆண்டு வெளியாயின. நலமுள்ள குழந்தைகள் பிடிமானமின்றி உட்காருவது 3.8 மாதம் முதல் 9.2 மாதத்திற்குள்ளும், தனித்து நடப்பது 8.2 மாதம் முதல் 17.6 மாதத்திற்குள்ளும் நிகழ்வதாக அவ்வாய்வு காட்டியது. நலமுள்ள குழந்தைகளிலேயே சிலர் கைகளாலும் முழங்கால்களாலும் தவழாமல் நேரே நடக்கத் தொடங்கினர். எனவே, பக்கத்து வீட்டுக் குழந்தை பதினோராம் மாதத்தில் நடந்தது கொண்டு, பதினைந்து மாதமாகியும் நடவாத குழந்தையைக் குறையுடையது எனக் கருதுதல் கூடாது. அதேபோல, பதினெட்டு மாதம் கடந்தும் நடவாத குழந்தையைப் பொறுத்திருந்து பார்ப்போம் என்று விட்டுவிடுதலும் கூடாது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வயதைத் திருத்திக் கணக்கிடுதல் வேண்டும். நிறைமாதம் என்பது நாற்பது வாரம். முப்பத்திரண்டாம் வாரத்தில் பிறந்த குழந்தை எட்டு வாரம் முன்னதாகப் பிறந்துள்ளது. அக்குழந்தைக்குப் பத்து மாதம் நிறையும்போது, எட்டு மாதக் குழந்தைக்குரிய செயல்களையே அதனிடம் எதிர்பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இவ்வாறு கணக்கிடுவது வழக்கம்.

தெரிந்து தெளிவோம்

மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாதிருந்தார் என்பது மரபுவழிச் செய்தி. பேச்சுத் தாமதமான குழந்தைகளைப் பெற்றோர்க்கு ஆறுதல் கூறுவோர் இதனை எடுத்துக்காட்டுவதுண்டு. ஆயின், அவருடைய பெற்றோர் வாளா இருந்துவிடவில்லை. கவலையுற்றுத் திருச்செந்தூருக்கு அழைத்துச் சென்றனர் என்பதும் அம்மரபே கூறும் செய்தியாகும். இன்று பேச்சுத் தாமதம் உள்ள குழந்தைக்கு முதலில் செய்யவேண்டியது செவித்திறன் ஆய்வு. பிறந்த ஒரு மாதத்திற்குள் செவித்திறனைப் பரிசோதித்தல், மூன்று மாதத்திற்குள் குறைபாட்டை உறுதிசெய்தல், ஆறு மாதத்திற்குள் உதவியைத் தொடங்குதல் என்பது வல்லுநர் வகுத்துள்ள கால வரையறை.

பதினேழு செயல்களும் ஒரு நேர்க்கோடும்

குழந்தையின் வளர்ச்சியை அறிவதில் இரண்டு படிகள் உள்ளன. முதற்படி கண்டறிதல், இரண்டாம் படி மதிப்பிடுதல். இரண்டும் ஒன்றல்ல.

கண்டறிதல் என்பது பல குழந்தைகளுள் யாரைக் கூர்ந்து நோக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் விரைவான சோதனை. திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவாகி, 1991ஆம் ஆண்டு வெளியான ‘திருவனந்தபுரம் வளர்ச்சிக் கண்டறி அட்டவணை’ இதற்கு நல்ல சான்று. பிறப்பு முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குரிய இவ்வட்டவணையில் பதினேழு செயல்கள் மட்டுமே உள்ளன. முகம் பார்த்துச் சிரித்தல், அசையும் பொருளைக் கண்களால் தொடர்தல், ஓசை வரும் திசையில் தலைதிருப்புதல், ஒரு கையிலுள்ள பொருளை மறுகைக்கு மாற்றுதல், சிறு மணியை விரல் நுனிகளால் எடுத்தல், கைகொட்டுதல், தனித்து நடத்தல், இரண்டு சொற்கள் பேசுதல், பொம்மையின் உறுப்புகளைச் சுட்டிக்காட்டுதல் என்பன அவற்றுட் சில. பிள்ளைத்தமிழின் சப்பாணி இங்கும் இடம்பெற்றிருத்தல் கருதத்தக்கது.

ஒவ்வொரு செயலும் ஒரு பட்டையாக வரையப்பட்டிருக்கும். பெரும்பாலான குழந்தைகள் அச்செயலைச் செய்யத் தொடங்கும் காலத்தையும் செய்து முடிக்கும் காலத்தையும் அப்பட்டையின் இரு முனைகள் காட்டும். குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்தால், அதற்கு இடப்புறம் முழுமையாக அமைந்த செயல்களையெல்லாம் அக்குழந்தை செய்ய வேண்டும். அவற்றுள் ஒன்றைச் செய்யாவிடினும் மேலாய்வுக்கு அனுப்ப வேண்டும். ஐந்து முதல் ஏழு நிமிடங்களில் முடியும் இச்சோதனையைப் பயிற்சி பெற்ற அங்கன்வாடிப் பணியாளரே செய்யலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

ஏலக்காய்க் கிடங்குகளில் காய்களைச் சல்லடையிலிட்டுப் பருமனால் பிரிப்பதைப் போடிநாயக்கனூர் மக்கள் அறிவர். பெருங்காய்க்கு ஒரு விலை, சிறுகாய்க்கு ஒரு விலை. கண்டறி சோதனையும் ஒரு சல்லடைதான். ஆனால், அது விலை குறிக்கும் சல்லடையன்று. அதில் தங்கிய குழந்தைக்குக் குறைபாடு உண்டு என்பது பொருளன்று. அக்குழந்தைக்கு மேலும் ஓர் ஆய்வு தேவை என்பதே பொருள். ஊட்டக்குறைவு, அடிக்கடி வந்த நோய், பழக்கமின்மை முதலிய காரணங்களால் பின்தங்கிய குழந்தை சில திங்கள் கவனிப்பிலேயே முன்னேறிவிடுவதும் உண்டு.

மதிப்பிடுதல் என்னும் இரண்டாம் படி

சிறப்புக் கல்வி பெறும் குழந்தைக்கு இப்படியே முதன்மையானது. ‘தாமதம் உண்டு’ என்று அறிந்தபின், ‘எதில் தாமதம், எவ்வளவு தாமதம், எங்கிருந்து கற்பிக்கத் தொடங்குவது’ என்னும் வினாக்களுக்கு மதிப்பீடு விடை தருகிறது. மருத்துவர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்றுநர், சிறப்பாசிரியர், பெற்றோர் ஆகியோர் கூடிச் செய்யும் பணி இது.

சென்னையில் 1989ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மதுரம் நாராயணன் சிறப்புக் குழந்தைகள் மையம், அறிவுசார் குறைபாடுடைய இளங்குழந்தைகளுக்காக ‘உபநயன்’ என்னும் பயிற்சித் திட்டத்தை உருவாக்கியது. பிறப்பு முதல் இரண்டு வயது வரை கற்கும் திறன்களை உடலியக்கம், தன்னுதவி, மொழி, அறிதிறன், சமூகப் பழக்கம் என ஐந்து துறைகளாக அத்திட்டம் பகுத்தது. ஒவ்வொரு துறைக்கும் ஐம்பது திறன்கள் வீதம் இருநூற்றைம்பது திறன்கள் வளர்ச்சி வரிசையில் அமைந்துள்ளன. குழந்தை எத்திறனைச் செய்கிறது, எதனைச் செய்யவில்லை என்று சரிபார்த்தபின், செய்யாத திறனைக் கற்பிக்கும் வழியையும் அத்திட்டம் தருகிறது. அளத்தலும் கற்பித்தலும் ஒரே நூலின் இரு முனைகளாக இங்கு இணைகின்றன.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அடிவார ஊர் ஒன்றில் மூளை முடக்குவாதம் உள்ள இரண்டரை வயதுக் குழந்தை இருப்பதாகக் கொள்வோம். ‘நடக்கவில்லை, பேசவில்லை, தானாக உண்ணவில்லை’ என்று ஓர் அறிக்கை எழுதலாம். அதில் பொய் இல்லை. ஆனால் பயனும் இல்லை. அதனைப் படிக்கும் தாய்க்குக் கண்ணீர் வருமேயன்றி வழி பிறவாது. அதே குழந்தையைக் கூர்ந்து நோக்கியவர், ‘கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நிற்கிறது, பசித்தால் பாட்டியின் கையைப் பற்றி அடுப்படி நோக்கி இழுக்கிறது, பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்புகிறது, குவளையை உதட்டருகே கொண்டுசென்றால் வாயைத் திறக்கிறது’ என்று எழுதுவார். இவ்வறிக்கையிலிருந்து நாளைய பணி தானே தோன்றும்.

குவளையில் நீர் பருகுதல் என்னும் ஒரு செயலையே எடுத்துக்கொள்வோம். குவளையைப் பார்த்தல், கையை நீட்டுதல், பற்றுதல், தூக்குதல், உதட்டில் பொருத்துதல், சாய்த்தல், விழுங்குதல், சிந்தாமல் கீழே வைத்தல் எனப் பல சிறு படிகள் அதில் அடங்கியுள்ளன. குழந்தை கையை நீட்டுகிறது. ஆனால் பற்ற இயலவில்லை என்றால், அடுத்துக் கற்பிக்க வேண்டியது பற்றுதலே. இரு கைப்பிடியுள்ள சிறு குவளையைக் கொடுத்து, பாட்டி தன் கையைக் குழந்தையின் கைமேல் வைத்து உதவலாம். உதவியின் அளவை நாளடைவில் குறைக்கலாம். மூன்று திங்களுக்குப் பின் மீண்டும் மதிப்பிடும்போது, முழு உதவி தேவைப்பட்ட குழந்தைக்குச் சிறிது தொட்டுவிட்டாலே போதும் என்னும் நிலை வந்திருக்கலாம். பிறர் கண்ணுக்கு அது புலப்படாது. தேர்ந்த மதிப்பீட்டாளர் அதனைப் பதிவு செய்வார். அக்குழந்தையை அதன் நேற்றைய நிலையோடு ஒப்பிடும் ஒப்பீடே கற்பிப்போர்க்கும் பெற்றோர்க்கும் ஊக்கமளிப்பது.

எங்கே, எதனால், எம்மொழியில்?

மதிப்பீட்டில் பிழை நேர்ந்தால் குழந்தையின் எதிர்காலமே திசைமாறக்கூடும். எனவே, சோதிப்பவர் சிலவற்றை மனத்திற்கொள்ள வேண்டும்.

முதலாவது, இடம். வெள்ளைச் சட்டையணிந்த அயலார் முன்பு, பழகாத அறையில் அமர்த்தப்பட்ட குழந்தை தாயின் தோளில் முகம் புதைத்துக்கொள்ளும். அதனைக் கொண்டு பேசத் தெரியாத குழந்தை என முடிவு செய்யலாகாது. திண்ணையில், தன் வயதுக் குழந்தைகளோடு விளையாடும்போது அது காட்டும் திறனே உண்மைத் திறன்.

இரண்டாவது, பொருள். வண்ண மரக்கட்டைகளைப் பாராத குழந்தை அவற்றை அடுக்கத் தயங்கலாம். ஆனால், அதே குழந்தை தேங்காய்ச் சிரட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். காய்களில் பெரியவற்றையும் சிறியவற்றையும் பிரித்து வைக்கும். அறிய வேண்டியது அடுக்கும் திறனையும் பிரித்தறியும் திறனையுமே. மரக்கட்டையோடு உள்ள பழக்கத்தையன்று.

மூன்றாவது, மொழி. தோட்டக் குடியிருப்பில் வளரும் குழந்தை வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் கேட்கிறது. இரு மொழிகளிலும் அது அறிந்த சொற்களைச் சேர்த்து எண்ணினாலன்றி அதன் மொழிவளம் விளங்காது. சிறிய சொற்பட்டியலை ஒரு மொழியில் மட்டும் சோதித்து, மொழித்தாமதம் என்று எழுதுதல் அநீதி.

நான்காவது, உடனிருப்போர் கூற்று. ஒரு மணி நேரம் காண்பவரைவிட நாள்முழுதும் காண்பவர் மிகுதியாக அறிவார். பகலெல்லாம் உடனிருக்கும் பாட்டியைக் கேளாமல் செய்யும் மதிப்பீடு முழுமையடையாது. “எப்போது சிரிக்கிறான்? எதைக் கண்டு அஞ்சுகிறான்? வேண்டியதை எவ்வாறு தெரிவிக்கிறான்?” என்று வினவினால், அட்டவணையில் இல்லாத செய்திகள் கிடைக்கும்.

உரிமையும் பணியும்

வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிதல் தனிப்பட்ட குடும்பத்தின் பொறுப்பு மட்டுமன்று, அரசின் கடமையுமாகும். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கியது. அதன்வழியே அங்கன்வாடிகள் ஊர்தோறும் தோன்றின. 2013ஆம் ஆண்டு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் பதினெட்டு வயது வரை உள்ளோரைப் பரிசோதிக்கிறது. பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் அது நோக்குகிறது. நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறை செல்ல வேண்டும். மேலாய்வு தேவைப்படும் குழந்தைகளுக்காக மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் அமைக்கப்படுகின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, இருபத்தொரு வகைக் குறைபாடுகளை வரையறுத்திருப்பதுடன், எல்லாக் குழந்தைகளையும் ஆண்டிற்கு ஒருமுறையேனும் பரிசோதிக்கவும் வழிவகுக்கிறது.

மையம் இருந்தும் குழந்தை அங்குச் செல்ல இயலாவிடில் என்ன பயன்? இதற்கு விடைகாண முயன்றோர் உலகெங்கும் உளர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், போர்ட்டேஜ் என்னும் சிற்றூரை மையமாகக் கொண்டு 1969ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தில், ஆசிரியரே வாரந்தோறும் வீடு தேடிச் சென்றார். தாயோடு அமர்ந்து மதிப்பிட்டார். அவ்வாரத்திற்குரிய செயலைத் தாய்க்குக் கற்பித்தார். நம் மாநிலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இவ்வழியில் பணியாற்றி வருகிறது. தண்டுவடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்ந்த எஸ். இராமகிருஷ்ணன், மாற்றுத்திறனாளிகளுக்கான பன்னாட்டு ஆண்டாகிய 1981இல் இதனைத் தோற்றுவித்தார். அதன் களப்பணியாளர்கள் ஊர்களுக்குச் சென்று, வீட்டிலேயே குழந்தைகளின் வளர்ச்சியை மதிப்பிட்டுக் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்கின்றனர். வல்லுநர்கள் அப்பதிவுகளைக் கண்டு வழிகாட்டுகின்றனர். மலையடிவார ஊர்கள் அனைத்திற்கும் பொருந்தும் முறை இது.

எண்ணும் மனிதரும்

அறிவாற்றலை அளக்கும் சோதனையை 1905ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் முதன்முதலாக வகுத்தவர்கள் ஆல்பிரட் பினேயும் தியோடர் சிமோனும் ஆவர். பள்ளியில் சிறப்பு உதவி தேவைப்படும் குழந்தைகளை அறிவதே அதன் நோக்கம். அறிவாற்றல் மாறாத ஓர் அளவு என்னும் கருத்தைப் பினே மறுத்தார். பயிற்சியால் அது வளரும் என்று நம்பினார். ஆயினும், பிற்காலத்தார் சிலர் அச்சோதனையின் எண்ணையே குழந்தையின் தலையெழுத்தாகக் கொண்டனர். கைகொடுக்க வகுத்த கருவி கதவடைக்கப் பயன்பட்டது. இவ்வரலாறு மதிப்பிடுவோர் அனைவர்க்கும் ஓர் எச்சரிக்கை.

‘இக்குழந்தையால் என்ன இயலாது’ என்று கேட்பது எளிது. ‘இக்குழந்தை இப்போது எதைச் செய்கிறது? அதற்கு அடுத்து எதைச் செய்யக்கூடும்?’ என்று கேட்பதே மதிப்பீடு. முதல் வினா குழந்தைக்கு ஒரு பெயரைச் சூட்டி நின்றுவிடுகிறது. இரண்டாம் வினா பாட்டியின் கையிலும் தாயின் கையிலும் ஆசிரியரின் கையிலும் நாளைக்குரிய ஒரு பணியைத் தருகிறது.

மாலையில் மலையிலிருந்து இறங்கிவரும் தாயிடம், “இன்று குவளையைத் தானே பிடித்தான்” என்று பாட்டி கூறும் ஒரு சொல் போதும். அன்றைய களைப்பு நீங்கும். அச்சொல்லை அவர் கூறுவதற்குரிய கண்ணையும் காலத்தையும் வழியையும் தருவதே சிறந்த மதிப்பீட்டின் பயன். குழந்தை எவ்வளவு பின்தங்கியுள்ளது என்பதன்று, அதன் அடுத்த அடி எது என்பதே நாம் அறிய வேண்டியது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் அங்கன்வாடிக்குச் சென்று, குழந்தைகள் விளையாடுவதை அரைமணி நேரம் உற்றுநோக்குக. அவர்கள் செய்யும் செயல்களை ஐந்து துறைகளாகப் பகுத்து எழுதுக.

2. ‘சட்டைப் பொத்தானை மாட்டுதல்’ என்னும் செயலைச் சிறு படிகளாகப் பிரித்து வகுப்பில் விளக்குக.

மதிப்பீடு

குறுவினா

1. கண்டறிதல், மதிப்பிடுதல் – வேறுபாடு தருக.

2. குறைமாதக் குழந்தையின் வயதை எவ்வாறு திருத்திக் கணக்கிட வேண்டும்?

சிறுவினா

1. பிள்ளைத்தமிழ்ப் பருவங்களையும் வளர்ச்சிப் படிநிலைகளையும் ஒப்பிட்டு எழுதுக.

2. ‘விலை குறிக்கும் சல்லடையன்று’ – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா

இளங்குழந்தைகளின் வளர்ச்சியை மதிப்பிடும்போது கருத்திற்கொள்ள வேண்டியவற்றைத் தக்க சான்றுகளுடன் தொகுத்துரைக்க.